சராசரி மறைத்த முகங்கள்

குழந்தையின் அறிவை மதிப்பெண்ணாலும், இளைஞனின் உடலை எடையாலும் அளந்துவிட்டு, அறிய வேண்டியதை எல்லாம் அறிந்துவிட்டோம் என்று அமைதி கொள்ளும் சமுதாயம் நம்முடையது. இவ்விரு அளவைகளும் பொய்யல்ல. ஆனால் அவை சொல்லாமல் விடுவது மிகப் பெரிது. கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக உளவியல் அறிஞர்கள் இரு வேறு களங்களில் நடத்திய ஆய்வுகள் ஒரே தவற்றை நமக்குச் சுட்டிக்காட்டுகின்றன. ஒன்று, சிறுவர்கள் எந்தெந்த வழிகளில் கற்கிறார்கள் என்பது பற்றியது. மற்றொன்று, இளம் ஆண்கள் தம் உடலை எவ்வாறு காண்கிறார்கள் என்பது பற்றியது. இரண்டிலும் பலருடைய விடைகளைக் கூட்டி வகுத்துக் கிடைத்த சராசரியை நம்பி அறிஞர்களே சில காலம் ஏமாந்திருந்தனர். அவர்கள் எவ்வாறு ஏமாந்தனர், எவ்வாறு தெளிந்தனர் என்பதை நம் ஆசிரியர்களும் பெற்றோரும் மருத்துவர்களும் அறிந்தாக வேண்டும். அதே மயக்கம் நம் வகுப்பறைகளிலும் இல்லங்களிலும் இன்றளவும் கலையவில்லை.

கூட்டல் கணக்கிலிருந்து தொடங்குவோம். 1972-இல் குரோன், பார்க்மன் என்னும் ஆய்வாளர் இருவர் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓரிலக்கக் கூட்டல்களைக் கொடுத்து, விடை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நுட்பமாக அளந்தனர். கூட்ட வேண்டிய எண்களுள் சிறியது எதுவோ, அதன் அளவுக்கு ஏற்ப நேரம் கூடியது. இரண்டையும் ஆறையும் கூட்டும் பிள்ளை ஆறை மனத்தில் இருத்திக்கொண்டு, ஏழு, எட்டு என இரண்டு படி மட்டும் ஏறுகிறது என்று இதிலிருந்து கொள்ளப்பட்டது. அந்த வயதினர் இவ்வாறே கூட்டுகின்றனர் என்பது முடிபு. எளிமையும் ஒழுங்கும் நிறைந்த முடிபு அது. பிற ஆய்வாளர்கள் மீண்டும் அளந்தபோதும் அதே விடை வந்ததால், ஐயப்படுவோர் அருகினர்.

கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் சீக்லர், மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் இத்தகைய கணக்குகளையே கொடுத்தார். அவர் புதிதாகச் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு கணக்கும் முடிந்தவுடன், இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பிள்ளையையே கேட்டார். 1987-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு கல்வியுலகம் மறக்கக் கூடாதது. பெரிய எண்ணிலிருந்து மேலே எண்ணும் முறை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான கணக்குகளில்தான் கையாளப்பட்டிருந்தது. ஏறத்தாழ அதே அளவு கணக்குகளில் விடை நினைவிலிருந்து நேரே வந்தது. எஞ்சியவற்றில் சிலர் ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணினர். சிலர் தெரிந்த வேறொரு கூட்டலின் துணைகொண்டு விடையை எட்டினர். சிலர் ஊகித்தனர். இத்தனை வேற்றுமைகளையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தபோது, அனைவரும் ஒரே முறையைக் கையாண்டதுபோன்ற அந்தப் பழைய தோற்றம் பிசகின்றி எழுந்தது. கணக்கீட்டில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கீடு காட்டிய பிள்ளை எந்த வகுப்பிலும் இல்லை.

ஒரு குழந்தைக்கும் மற்றொரு குழந்தைக்கும் இடையே உள்ள வேற்றுமை மட்டுமன்று இது. ஒரே குழந்தை ஒரே கணக்கைச் சில நாள் இடைவெளியில் இருமுறை செய்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் முதல் நாள் ஒரு வழியையும் மறுநாள் வேறு வழியையும் பின்பற்றியது எனச் சீக்லரும் உடனாய்வாளர் ஷ்ரேகரும் 1984-இலேயே கண்டிருந்தனர். நேற்று நினைவிலிருந்து சொன்ன விடையை இன்று விரல் மடக்கி எண்ணுவது பின்னடைவன்று. சிறுவர் உள்ளத்தில் பல வழிகள் ஒரே காலத்தில் உடனுறைகின்றன. ஒன்று மெல்லத் தேய, மற்றொன்று மெல்லப் பெருகுகிறது. படிக்கட்டில் ஏறுவதுபோலக் குழந்தை ஒரு நிலையை முற்றிலும் விட்டு அடுத்த நிலைக்குச் செல்கிறது என்னும் பழைய எண்ணத்துக்கு மாறாக, ஒன்றன்மேல் ஒன்று படர்ந்துவரும் அலைகளாகச் சீக்லர் வளர்ச்சியைக் கண்டார்.

புதிய வழி பிறக்கும் கணத்தையே நேரில் காணவும் அவர் முயன்றார். ஜென்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து, பெரிய எண்ணிலிருந்து எண்ணும் முறையை அறியாத நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் எண்மரைப் பதினொரு வாரங்கள் தொடர்ந்து கவனித்தார். 1989-இல் நூலாக வெளிவந்த அந்த ஆய்வில், எண்மருள் எழுவர் யாரும் கற்பிக்காமலே அந்த முறையைத் தாமே கண்டறிந்தனர். கண்டறிந்த கணங்கள் வியப்பூட்டுவன. கடினமான கணக்கில் தோற்று, வேறு வழியின்றிப் புது வழி தேடினர் என்று நாம் எதிர்பார்ப்போம். அவ்வாறு நிகழவில்லை. முன்னரே சரியாகச் செய்து பழகிய எளிய கணக்குகளிலும் புதிய வழி தோன்றியது. தோன்றுவதற்குச் சற்று முன்னர்க் குழந்தை வழக்கத்தைவிட நெடுநேரம் தயங்கியது. முணுமுணுத்தது. தொடங்கியதை விட்டுவிட்டு மறுபடி தொடங்கியது.

அந்தத் தயக்கத்தை நம் வகுப்பறைகள் எவ்வாறு எதிர்கொள்கின்றன? விரைந்து சொல்லாத பிள்ளை மந்தம் எனப் பெயர் பெறுகிறது. அடுத்த பிள்ளை எழுப்பப்படுகிறது. அறிவு ஒரு புது வழியை ஈன்றெடுக்கும் அந்த அரிய நொடியில், உட்கார் என்னும் சொல் அதன்மீது விழுகிறது. இதைவிடப் பெரிய இழப்பை ஒரு பள்ளி தன் மாணவருக்கு இழைத்துவிட முடியாது என்றே நாம் கருதுகிறோம்.

விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 1988-இல் சீக்லர் முதல் வகுப்புப் பிள்ளைகளிடையே மூன்று பிரிவினரைக் கண்டார். முதற்பிரிவினர் விடைகளை நன்கறிந்து, நினைவிலிருந்தே சொல்லினர். இரண்டாம் பிரிவினர் போதிய அறிவின்றி, ஊகித்துச் சொல்லித் தவறினர். மூன்றாம் பிரிவினர் விடையை அறிந்திருந்தும், முழு உறுதி பிறக்கும்வரை அதைச் சொல்ல ஒப்பாமல், விரல்களால் எண்ணிச் சரிபார்த்த பின்னரே வாய் திறந்தனர். இந்த மூன்றாம் பிரிவினரின் தேர்ச்சி முதற்பிரிவினருக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் வெளிப்பார்வைக்கு அவர்கள் விரல் மடக்கும் பிள்ளைகளே. விரல் மடக்கியதற்காக அளவுகோலால் முட்டியில் அடி வாங்கிய தலைமுறைகள் இந்நாட்டில் உண்டு. அடி வாங்கியவர்களுள் அறியாதவர் சிலர் இருக்கலாம். பொறுப்புணர்வு மிகுந்த பிள்ளைகளும் அவர்களிடையே இருந்திருப்பர். கேளாமல் அடித்த கைக்கு அந்த வேறுபாடு தெரிய வழியேயில்லை.

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இவ்வகையில் கருதத்தக்கது. ஒரு வகுப்பில் அமர்ந்துள்ளோர் அனைவரும் ஒரே நிலையினர் என்னும் பொய்யைக் கைவிட்டு, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிள்ளைகளைக் கண்டு கற்பிக்கும் முயற்சி அது. நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் ஒரே பிள்ளை இன்று ஒரு வழியிலும் நாளை மற்றொரு வழியிலும் சிந்திக்கும் என்பது மெய்யானால், அரும்பு என்று எழுதிவைத்த பெயர் அப்பிள்ளையின் நெற்றியில் உறைந்துவிடலாகாது. நிலைகளைப் பிரிப்பது தொடக்கம் மட்டுமே. ஒவ்வொரு பிள்ளையும் விடைக்கு வந்த வழியைக் கேட்டறியும் நேரத்தை ஆசிரியருக்குத் தராவிட்டால், ஒரு பெரிய சராசரிக்குப் பதில் மூன்று சிறிய சராசரிகள் கிடைத்ததாகவே முடியும். பதிவேடுகளும் செயலிப் பதிவுகளும் ஆசிரியரின் பொழுதைத் தின்னும் வரை அந்த நேரம் வாராது.

நினைவாற்றலைப் பற்றிய ஆய்வுகளும் இங்கே தொடர்புடையன. 1966-இல் உளவியலாளர் ஜான் ஃபிளேவலும் உடனாய்வாளரும் பிள்ளைகளிடம் சில படங்களைக் காட்டி, சுட்டியவற்றை வரிசை தவறாமல் நினைவில் கொள்ளச் செய்தனர். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளையின் உதடுகள் அசைகின்றனவா என்று உதட்டசைவு படிக்கத் தெரிந்த ஒருவர் உற்றுப் பார்த்தார். மழலையர் வகுப்பில் இருபதின்மருள் இருவரே தமக்குள் பெயர்களைச் சொல்லிப் பார்த்தனர். ஐந்தாம் வகுப்பில் இருபதின்மருள் பதினெழுவர். மறு ஆண்டு நடந்த தொடர் ஆய்வில், சொல்லிப் பார்க்காத சிறுவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் அவர்களது நினைவு உயர்ந்தது. உன் விருப்பம்போல் செய் என்று விட்டதும் அவர்களுள் பலர் அந்த வழியைக் கைவிட்டனர். ஆற்றல் இருக்கிறது, அதை எடுத்தாளும் வழக்கம் வேரூன்றவில்லை. மறதிக்காரப் பிள்ளை என்று நாம் பெயரிட்டவர்களுள் எத்தனை பேர் இத்தகையவர்!

வளர்ந்தோரும் தம் கற்றலைத் தாமே தவறாக மதிப்பிடுகின்றனர். 2006-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் கல்லூரி மாணவர்க்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தனர். ஒரு குழுவினர் பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஒரு வாரம் கழித்து, திரும்பத் திரும்பப் படித்தவர்களிடம் எஞ்சியது 40 விழுக்காடு. நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களிடம் 61 விழுக்காடு. தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று மிகுந்த நம்பிக்கையோடு முன்கூட்டிச் சொன்னவர்களோ, நான்கு முறை படித்த குழுவினரே. படிக்கும்போது தோன்றும் எளிமையை அறிவு என்று மனம் மயங்குகிறது.

இங்கே நம் கல்விச் சிந்தனையாளர் சிலரோடு நாம் மாறுபட வேண்டியிருக்கிறது. மனப்பாடத்தின் கேட்டைச் சாடும் ஆர்வத்தில், ஒப்புவித்தலையும் சேர்த்து விரட்டிவிட்டோம். பொருளறியாது உருப்போடுவது வேறு. அறிந்ததை ஏட்டைப் பாராமல் உள்ளத்திலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் ஆகிய கணக்கு வாய்பாடுகளை உரத்த குரலில் நினைவிலிருந்து சொல்லிப் பழகினர். அந்த நினைவுப் பயிற்சியை வெறும் கிளிப்பிள்ளைப் பாடமாகக் கருதலாகாது, அதுவே அன்றைய கணித அறிவின் ஒரு நெறி என்று வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு விரித்து எழுதியுள்ளார். அப்பள்ளிகளின் பிரம்படியும், யார்க்குக் கல்வி என்பதில் சாதி வகுத்த வேலியும் திரும்ப வரலாகாதவை. நினைவிலிருந்து எடுத்துரைக்கும் பழக்கம் திரும்ப வரலாம். வர வேண்டும்.

பள்ளிக்கு வெளியே குழந்தைகள் பெற்ற அறிவு எவ்வாறு பள்ளியின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதற்குப் பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரம் சான்று. 1985-இல் வெளியான ஆய்வில், அந்நகரத்துத் தெருவில் வணிகம் செய்த சிறுவர் ஐவர் கடையருகே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் சொல்லினர். அதே வகைக் கணக்குகளை எண்களாக மட்டும் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடே சரி. ஒரு தேங்காய் 35 எனில் பத்துக் காய்க்கு என்ன விலை என்று கேட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் மூன்று மூன்றாகத் திரட்டி 350-ஐ எட்டினான். பத்தால் பெருக்க ஒரு சுழியத்தைச் சேர் என்னும் பள்ளி விதி அவனுக்குத் தேவைப்படவில்லை. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் உழைக்கும் சிறுவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது. பள்ளிக் கணக்கில் மட்டுமே பழகிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர் என்பதையும் அது சேர்த்துச் சொன்னது.

இனி இளைஞரின் உடலுக்கு வருவோம். இங்கே சராசரி செய்த தீங்கு இன்னும் கொடிது.

1985-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாலன், ரோசின் இருவரும் மாணவர் 475 பேரிடம் ஒல்லியிலிருந்து பருமன்வரை வரிசைப்படுத்திய ஒன்பது உடலுருவங்களைக் காட்டினர். உன் உடல் எது, நீ விரும்பும் உடல் எது, எதிர்பாலினர் விரும்புவதாக நீ கருதுவது எது என்று கேட்டனர். பெண்களின் விடைகள் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. தம்மைப் பருமன் என்று கருதி, மெலிவையே அவர்கள் நாடினர். ஆண்களின் விடைகளோ மூன்றும் ஏறத்தாழ ஓரிடத்தில் குவிந்தன. ஆண்கள் தம் உடலோடு நிறைவுற்று வாழ்கின்றனர் என்னும் முடிபு பரவியது. பெண்களின் துயரை வெளிக்கொணர்ந்தது அந்த ஆய்வின் பெருமை. ஆண்களைப் பற்றி அது சொன்னது, சராசரி சொன்ன பொய்.

மூன்றே ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதை அவிழ்த்துக் காட்டினர். ஆண்களுள் ஒரு பகுதியினர் தம் உடல் மெலிய வேண்டும் என்றும், கிட்டத்தட்ட அதே அளவினர் தம் உடல் பெருக்க வேண்டும் என்றும் விரும்பினர். ஐந்து கிலோ கூட வேண்டும் என்பவனையும் ஐந்து கிலோ குறைய வேண்டும் என்பவனையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கிடைப்பது சுழியம். இருவருடைய ஏக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, தாளில் நிறைவு என்று பதிவாயிற்று. மற்றொரு குறையும் அந்த ஒன்பது படங்களில் இருந்தது. அவை கொழுப்பின் அளவில்தான் வேறுபட்டன. தசை வேண்டும் என்று ஏங்கிய இளைஞன் சுட்டிக்காட்ட அவற்றுள் ஒரு படமும் இல்லை. கேட்கப்படாத வினாவுக்கு அவன் எவ்வாறு விடை சொல்வான்?

பாஸ்டன் நகரை அடுத்த மக்லீன் மருத்துவமனையில் ஹாரிசன் போப் என்னும் உளநல மருத்துவர் அந்த வினாவைக் கேட்டார். 1993-இல் அவரும் உடனாய்வாளரும் உடற்கட்டுப் பயிற்சியாளர் 108 பேரை ஆராய்ந்தபோது, ஒன்பது பேர் திரண்ட தசைகளோடு இருந்தும் தம்மை மெலிந்தவராகவும் வலுவற்றவராகவும் கண்டனர். கோடை வெயிலிலும் தடித்த மேலாடையால் உடலை மூடிக்கொண்டனர். கடற்கரைக்கு அழைத்தால் மறுத்தனர். எலும்பும் தோலுமாகிய நிலையிலும் தம்மைப் பருமன் என்று கருதும் நோயின் தலைகீழ் வடிவம் இது. 2013-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல், உடலுருவப் பிறழ்வு நோயின் ஒரு தனி வகையாகத் தசை பற்றிய இந்த மனக்குறையை ஏற்றுக்கொண்டது.

போப்பின் ஆய்வுகளுள் ஒன்று சிறுவர் விளையாட்டுப் பொம்மைகளைப் பற்றியது. ஜி.ஐ. ஜோ என்னும் படைவீரர் பொம்மையை ஐந்தடி பத்தங்குல மனிதனாகப் பெரிதாக்கிப் பார்த்தால், 1964-ஆம் ஆண்டுப் பொம்மையின் மேற்கைத் தசையின் சுற்றளவு ஏறத்தாழ 12 அங்குலம். 1990-களின் நடுவில் வந்த மிகைப்பட்ட வடிவில் அது ஏறத்தாழ 27 அங்குலம். உலகின் எந்த உடற்கட்டு வீரனும் எட்டாத அளவு அது. ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் அதைத்தான் கொடுத்தார்கள்.

2000-இல் வெளியான ஆய்வு இவற்றுள் தலையாயது. ஆஸ்திரியா, பிரான்சு, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் கல்லூரி இளைஞர் ஏறத்தாழ 200 பேரிடம், கணினித் திரையில் தசையின் அளவையும் கொழுப்பின் அளவையும் தனித்தனியே மாற்றத்தக்க உருவங்கள் காட்டப்பட்டன. அவர்கள் தமக்கு வேண்டுமெனத் தேர்ந்த உடல், தம் உடலைவிட ஏறத்தாழ 28 பவுண்டு, அதாவது 13 கிலோ அளவுக்குத் தசை மிகுந்தது. பெண்கள் விரும்புவதாக அவர்கள் கருதிய உடலோ 30 பவுண்டு மிகுந்தது. ஆஸ்திரியப் பெண்களிடம் கேட்டபோது, அவர்கள் விரும்பியது இத்தகைய கூடுதல் தசையற்ற இயல்பான ஆணுடலையே. யாரும் கேளாத ஒன்றுக்காக இளைஞர் தம்மைத் தாமே வருத்திக்கொண்டிருந்தனர். நான்கு முறை படித்துவிட்டுத் தமக்கு எல்லாம் நினைவிருக்கும் என நம்பிய மாணவரைப்போல, இவர்களும் தம் உள்ளம் காட்டிய பொய்யளவையை நம்பினர். தைவானில் இதே முறையில் 2005-இல் ஆராய்ந்தபோது, பெண்கள் விரும்புவதாக அந்நாட்டு இளைஞர் கருதிய கூடுதல் தசை ஏறத்தாழ 5 பவுண்டு மட்டுமே. ஆகவே இந்த ஏக்கம் ஆண்பிறப்பின் இயற்கை அன்று. ஒரு சமுதாயம் எதை உயர்த்திப் பிடிக்கிறதோ அதிலிருந்து அது பிறக்கிறது.

இதன் விளைவுகள் சிறியன அல்ல. விரைவாகத் தசை வளர்க்க ஆண்மை இயக்குநீரின் செயற்கை வடிவங்களான ஸ்டீராய்டு ஊசிகளையும் மாத்திரைகளையும் நாடுவோர், தம் உடல் தானாகச் சுரக்கும் இயக்குநீரை நிறுத்திவிடுகின்றனர். விரைகள் சுருங்குகின்றன, விந்தணுக்கள் அருகுகின்றன, மார்பு பருக்கிறது, உள்ளம் கொதிப்பும் சோர்வுமாக அலைகிறது. பாஸ்டனில் 140 பளுப் பயிற்சியாளரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட அறிக்கை, நெடுங்காலம் ஸ்டீராய்டு கொண்டவர்களின் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் பங்கு சராசரியாக 52 விழுக்காடு என்றும், கொள்ளாதவர்களிடம் 63 விழுக்காடு என்றும் காட்டியது. வலிமையின் உருவத்தைத் தேடியவர்கள் உள்ளே வலிமை இழந்தனர். உடலுருவப் பிறழ்வு நோயுற்ற ஆண்கள் 63 பேரைக் கொண்ட 2005-ஆம் ஆண்டு ஆய்வில், தசை பற்றிய மனக்குறை உடைய 14 பேருள் பாதிப்பேர் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் இதை அழகுக் கவலை என்று ஒதுக்க முடியாது என்பதற்கு அதுவே போதும்.

தமிழ்நாட்டில் இந்த ஏக்கத்துக்கு நாமே பல வாயில்களைத் திறந்து வைத்துள்ளோம். நோஞ்சான், ஓமக்குச்சி, குண்டன், கருவாயன் என்னும் பெயர்களை ஒரு சிறுவன் முதலில் கேட்பது பெரும்பாலும் தன் வீட்டாரிடமும் வகுப்புத் தோழரிடமுமே. பெண்ணிடம் சொன்னால் கொடுமை எனக் கருதும் சொல்லை, ஆணிடம் வேடிக்கை என்கிறோம். அவனும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 2005-இல் ஆண்களுக்கென்றே சிவப்பழகுப் பசை இந்நாட்டுச் சந்தைக்கு வந்தது. 2008-இல் வெளிவந்த வாரணம் ஆயிரம் படத்தில் நாயகனின் வயிற்றுத் தசைக்கட்டு பெரும்பேச்சாயிற்று. சிக்ஸ் பேக் என்னும் சொல் சிற்றூர்த் தேநீர்க் கடைவரை சென்றது. கலைஞர்மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. அவர்களது உழைப்பு மெய். ஆனால் தனிப் பயிற்றுநர், உணவு வல்லுநர், நாளெல்லாம் அதற்கே ஒதுக்கிய பொழுது, ஒளியமைப்பு ஆகியவற்றின் துணையோடு ஒரு காட்சிக்காக உருவாக்கப்பட்ட உடலை, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு இரவில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞன் ஆண்டு முழுதும் தாங்கத்தக்க இலக்காகக் கொள்கிறான். எட்டாதபோது குறை தன்னுடையது என்று நினைக்கிறான். கைப்பேசித் திரை அந்த ஒப்பீட்டை நாளுக்கு நூறு முறை அவன் முன் வைக்கிறது.

உடற்பயிற்சியை நாம் குறை கூறவில்லை. சிலம்பமும் கர்லாக்கட்டையும் வளர்த்த மண் இது. உடலால் என்ன செய்ய முடிகிறது என்பதே அங்கெல்லாம் பெருமைக்குரிய அளவாக இருந்தது. கண்ணாடியில் உடல் எவ்வாறு தோன்றுகிறது என்பது மட்டுமே அளவாகும்போது, பயிற்சி தண்டனையாகிறது.

உளவியல் துறையினரிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. மேலை நாட்டு இளைஞருக்கென எழுதிய வினாத்தாளைத் தமிழில் பெயர்த்துவிட்டால் பணி முடிந்ததாகாது. அத்தகைய வினாத்தாள்கள் தசையைப் பற்றிக் கேட்கின்றன. நம் இளைஞரின் புண்பட்ட இடங்களில் நிறமும் உயரமும் உதிரும் முடியும் அரும்பாத மீசையும் அடங்கும். பெண் பார்க்கும் படலத்தில் புறக்கணிக்கப்பட்ட ஆணின் மனமும் அடங்கும். ஒன்பது படங்களுள் இடம்பெறாத தசைபோல, இவையும் கேட்கப்படாமல் போனால், மீண்டும் ஒரு சராசரி நம் இளைஞர் நிறைவாக உள்ளனர் என்று சொல்லும்.

பள்ளிக் கல்வித்துறை செய்யத்தக்கது தெளிவு. தொடக்க வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் நாள்தோறும் சில பிள்ளைகளையேனும் தனியே அழைத்து, இதை எப்படிக் கண்டாய் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கும் நேரம் பாடவேளை அட்டவணையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் குழந்தையின் பிழையைப் படிக்கும் பயிற்சி இடம்பெற வேண்டும். விரல் மடக்கியதற்காக எந்தப் பிள்ளையும் இகழப்படக் கூடாது. நலவாழ்வுத்துறையின் கடமையும் தெளிவு. மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு ஊசி விற்போர்மீது மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் அஞ்சாது நடவடிக்கை எடுக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் ஊசியையும் பெயரறியாப் பொடிகளையும் பயிற்றுநரே விற்கும் வழக்கம் முற்றாக ஒழிய வேண்டும். மகப்பேறின்மைக்காகவோ மனச்சோர்வுக்காகவோ வரும் இளைஞனிடம், உடலைப் பற்றி என்ன நினைக்கிறாய், எதையேனும் செலுத்திக்கொள்கிறாயா என்று மருத்துவர் தாமே கேட்க வேண்டும். அவன் தானாகச் சொல்ல மாட்டான்.

பெற்றோரும் உறவினரும் பட்டப்பெயர்களை இன்றே நிறுத்தலாம். அதற்கு அரசாணை தேவையில்லை. தன் உடலை வெறுத்து, உணவையும் நண்பரையும் தவிர்த்து வாழும் மகனோ தம்பியோ உங்கள் வீட்டில் இருந்தால், அவனிடம் அமர்ந்து பேசுங்கள். அவன் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உளநல உதவி எண் 14416. கட்டணமின்றி, பகலிலும் இரவிலும், தமிழிலேயே பேசலாம்.